மூச்சு வாங்காத பெட்டி

ஜெயபாலனுக்கு வாத்தியம் என்றால் உயிர். வாத்தியங்களுக்கு ஜெயபாலன் மேல் அப்படி ஒன்றும் பிரியம் இருந்ததாகத் தெரியவில்லை. மலாக்காவின் காஜா பெராங்கில் பஜனை நடக்கும் கொட்டகையில் ஓர் ஆர்மோனியம் கிடந்தது. பதினைந்து வருஷம் வெள்ளிக்கிழமை தவறாமல் அதைப் போட்டு அமுக்கினான். வலது கை பாட்டைப் பிடிக்கும்போது இடது கை காற்றடிப்பதை மறந்துவிடும். இடது கைக்கு ஞாபகம் வந்தால் வலது கை வழி தவறிவிடும். பாடுகிறவர்கள் மட்டும் பக்தியோடு பாடிக்கொண்டே இருப்பார்கள். வேறு என்ன செய்வார்கள், பாவம்!

வயிற்றுப்பாட்டுக்கு அவன் தெங்கேராவில் ஹாஜா பாயின் ரேடியோக் கடையில் ரிப்பேர் வேலை பார்த்தான். அந்த வேலையில் மட்டும் அவனைக் குறை சொல்ல முடியாது. செத்துப்போன ரேடியோவைக் காதோடு வைத்துக் கேட்டே உள்ளே இருக்கும் கண்ணாடி வால்வுகளில் எது போயிற்று என்று சொல்லிவிடுவான். அந்தக் கடைக்குத்தான், மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வருவதற்கு முந்தின வருஷம், சிங்கப்பூர் ஹோட்டல் ஒன்றில் வாசித்துக்கொண்டிருந்த ஒரு பிலிப்பினோக்காரர் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

கிளாவியோலின் என்று அதற்குப் பெயர். மூன்று ஸ்தாயி மட்டும் உள்ள குட்டிக் கட்டை வரிசை ஒரு பெட்டியில். ஒலிபெருக்கி இன்னொரு பெட்டியில். இரண்டுக்கும் நடுவே ஒரு நீளமான வயர். காற்றும் வேண்டாம், கம்பியும் வேண்டாம், தோலும் வேண்டாம். மின்சாரத்தில் செருகினால் போதும், வால்வுகள் சூடாக அரை நிமிஷம் எடுத்துக்கொண்டு, பிறகு வாயைத் திறக்கும். ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் வரும். இரண்டு கட்டையை அழுத்தினால் ஒன்று பாடும், மற்றது மரியாதையாக வாயை மூடிக்கொள்ளும். முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு கம்பி இருக்கும். அதை முழங்காலால் தள்ளினால் சத்தம் ஏறும், விட்டால் இறங்கும். ஜெயபாலன் அதைச் சரிபண்ணிக் கொடுத்தான். பிலிப்பினோக்காரர் ஊருக்குத் திரும்பும் அவசரத்தில் இருந்ததால், பெட்டியைக் கொடுத்துவிட்டு அதற்கு மாற்றாக ஒரு நல்ல ரேடியோவை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஹாஜா பாய் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "பாலா, இது வெளங்காது. எவன் வாங்குவான் இத? நீயே எடுத்துக்கிட்டுப் போயிரு. கடையில இருந்தா நீ வேல செய்ய மாட்ட."

அன்று மாலையே பேச்சா என்னும் மூன்று சக்கர ரிக்‌ஷாக்காரர் ஒருவரைப் பிடித்து, பெட்டிகளைச் சீட்டில் உட்கார வைத்து, வண்டிக்குப் பின்னாலேயே தெங்கேராவிலிருந்து காஜா பெராங் வரை நடந்து வந்தான் ஜெயபாலன். பெண்டாட்டியைக் கூட அவன் இப்படி அழைத்துவந்ததில்லை என்று வீட்டில் ஒரு வாரம் பேச்சு நடந்தது.

முதல் நாள் வாசித்தபோது, வேலிக்கு அந்தப் பக்கம் தலைமுறைகளாக மலாய் பேசும் மலாக்காச் செட்டி வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்து, "பாலா, கூச்சிங் பிரானாக் கா?" என்று மலாயில் கேட்டாள். பூனை குட்டி போடுகிறதா என்று அர்த்தம். ஜெயபாலன் அசரவில்லை. காற்றடிக்கும் வேலை இல்லாததால் அவன் வலது கை முதல் தடவையாக நிம்மதியாக இருந்தது. ஆறே மாதத்தில் தோடியா பூபாளமா என்று சண்டை போடும் அளவுக்காவது வாசிக்கத் தொடங்கினான். முன்பெல்லாம் ராகம்தானா என்றே சண்டை வரும். இடது கைக்குத்தான் வேலை போய்விட்டது; அது சும்மா மடியில் கிடந்தது, அவ்வப்போது முதுகைச் சொறிந்தது.

இனி விஷயத்துக்கு வருவோம். விஷயம் தும்மல்.

ஜெயபாலனின் அக்கா பொன்னம்மா. அக்கா புருஷன் பொன்னுதுரை. பொதுப்பணி இலாகாவில் மண்டோர், அதாவது ரோடு போடும் ஆட்களுக்கு மேஸ்திரி. ஆள் ஆஜானுபாகு, மீசை மட்டும் தனியாக ஒரு ஆள் கனம் இருக்கும். அவருக்கு அழத் தெரியாது. கண்ணில் தண்ணீர் வரவேண்டிய இடத்தில் மூக்கில் தும்மல் வரும். அவர் அப்பா செத்தபோது தும்மினார். மகள் பிறந்தபோது தும்மினார். எப்போதும் ஒன்றே ஒன்று, இரண்டாவது கிடையாது. அந்த ஒன்று போதும், கோழிகள் கூரை ஏறிவிடும்.

ஒற்றைத் தும்மல் எப்பேர்ப்பட்ட அபசகுனம் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. வீட்டை விட்டுக் கிளம்புகிறவன் கூட ஒற்றைத் தும்மல் கேட்டால் திரும்பி வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போவான். அப்படியிருக்க, ஒரே மகள் கோகிலாவின் நிச்சயத்தில், தாம்பூலத் தட்டு கைமாறும் அந்த நொடியில், பொன்னுதுரைக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. நெகிழ்ந்தால் என்ன ஆகும்? மாப்பிள்ளை வீட்டார் தட்டை வைத்துவிட்டு எழுந்து போனார்கள். அடுத்த வருஷம் வேறு இடம் வந்தது. இந்தத் தடவை உஷாராக கிராமபோனில் நாயன ரிக்கார்டு போட்டார்கள், சத்தத்தில் தும்மல் அமுங்கிவிடும் என்று. ரிக்கார்டு ஒரு பக்கம் முடிந்து, திருப்பிப் போட எடுத்தார்கள் பாருங்கள், அந்த இடைவெளியில் சரியாக வந்து விழுந்தது. அவர்களும் போய்விட்டார்கள்.

கோகிலாவுக்கு இருபத்து நான்கு வயது. தையல் மிஷினில் ஊருக்கெல்லாம் ரவிக்கை தைத்துக் கொடுப்பாள். கல்யாண ரவிக்கைகள் எத்தனையோ தைத்தாயிற்று. அவள் நடக்கப் பழகியது தாய்மாமன் ஜெயபாலனின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு. இரண்டாவது சம்பந்தமும் போன அன்று அவள் அழவில்லை. "பரவால்ல மாமா, எனக்குத் தைக்கிற வேல இருக்கு" என்று மட்டும் சொன்னாள். ஜெயபாலன் பின்கட்டுக்குப் போய்த் தேம்பித் தேம்பி அழுதுவிட்டு வந்தான்.

மூன்றாவது சம்பந்தம் செமாபோக்கிலிருந்து வந்தது. மாப்பிள்ளை கணேசமூர்த்தி, தபால் ஆபீசில் வேலை, அம்மா பேச்சைத் தட்டாத பிள்ளை. அம்மா சந்திரமதி ஒரு வார்த்தை பேசமாட்டாள். பெண் பார்க்க வந்தபோது இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்து "தண்ணி" என்று ஒரே ஒரு சொல்தான் சொன்னாள். அவளுக்கும் சேர்த்து மாப்பிள்ளையின் அத்தை அஞ்சலை பேசினாள். "ரெண்டு எடத்துல என்ன நடந்துச்சுன்னு எங்களுக்கும் தெரியும்லா. நிச்சயம் கிச்சயம் வேணாம். நேரா கல்யாணம். தாலி ஏறுற நேரத்துல மட்டும் ஏதாச்சும் அச்சானியமாக் கேட்டுச்சு, எழுந்திரிச்சுப் போயிருவோம், சொல்லிட்டேன்." சந்திரமதி முகத்தில் ஓர் அசைவும் இல்லை. அந்த முகத்தைப் பார்த்து எல்லோருக்கும் குலை நடுங்கியது.

முகூர்த்தம் ஆவணியில், மெர்டேக்கா கொண்டாடி ஒரு வாரம் கழித்து. அங்கேதான் வினை. ஆடிக்காகவும் கொண்டாட்டத்துக்காகவும் தள்ளிப்போட்ட கல்யாணங்கள் எல்லாம் ஒரே நாளில் வந்து விழுந்ததால், மலாக்காவிலிருந்து சிரம்பான் வரைக்கும் ஒரு நாயனக்காரர் கூட மிச்சமில்லை. தவுல் அடிக்கிறவர் ஒருவர் கிடைத்தார். அவருக்குக் கையில் கட்டு.

"கெட்டிமேளம் இல்லாம எப்படிடா தாலி கட்டுறது?" என்று தலையில் கை வைத்தாள் பொன்னம்மா. "உங்க அத்தான் தும்முறத எதால மூடுறது?"

"அத்தான் அன்னைக்கு ஒரு நாள் வெளியூர் போனா என்ன?" என்றான் ஜெயபாலன்.

"பொண்ணக் கன்னிகாதானம் யாரு செஞ்சு குடுப்பா, உன் பொட்டியா?"

ஜெயபாலன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "அக்கா, பொட்டிதான்! நாயனக்காரர் மூச்சு வாங்குவாரு. ரிக்கார்டு பக்கம் மாறும். இந்தப் பொட்டி மூச்சே வாங்காது. கட்டையில வெரல வெச்சா எடுக்குற வரைக்கும் நிக்காது. அத்தான் தும்முனா தும்மிட்டுப் போகட்டும், ஒரு பயலுக்கும் கேக்காது."

பொன்னுதுரைக்கு அந்தப் பெட்டியைக் கண்டாலே ஆகாது. ஆனாலும் ஒரு மணி நேரம் யோசித்துவிட்டு வந்து, "மச்சான், சத்தம் பத்துமா?" என்று கேட்டார். ஜெயபாலன் முழங்கால் கம்பியை முழுக்கத் தள்ளிக் காட்டினான். பொன்னுதுரை காதைப் பொத்திக்கொண்டு, "போதும், போதும், கல்யாணத்த நடத்து" என்றார்.

அன்றிலிருந்து ஜெயபாலனுக்குச் சோறு இறங்கவில்லை. கோகிலாவின் கழுத்தில் தாலி ஏறுவதும் ஏறாததும் தன் ஒரு விரலில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் யாருக்குத்தான் இறங்கும்?

கல்யாண நாள் காலை. வாசலில் பந்தல், வாழை மரம், இரும்பு நாற்காலிகள். மணவறைக்கு வலது பக்கம் ஜெயபாலன், பட்டு வேட்டியும் நெற்றி நிறைய விபூதியுமாக. ஒலிபெருக்கிப் பெட்டி பக்கத்தில் இருந்தால் 'ம்ம்ம்' என்று முனகி மந்திரத்தைக் கெடுக்கிறது என்று குருக்கள் கோபித்துக்கொண்டதால், அதை நீள வயரில் கொண்டுபோய்ப் பந்தலின் பின்கோடியில், மீட்டர் பலகைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். அங்கே ஒரு நாற்காலி போட்டு ஹாஜா பாயையும் காவலுக்கு உட்கார வைத்தார்கள்.

எல்லாம் சரியாகத்தான் நடந்தது. பொன்னுதுரை சும்மா இருந்திருந்தால் கடைசிவரை சரியாகவே நடந்திருக்கும். மனிதர் சும்மா இருப்பாரா? மெர்டேக்காவுக்கு இலாகா ஆபீசில் கட்டிய கலர் பல்புகளை, இருநூறுக்கு மேல், இரவல் வாங்கி வந்து பந்தல் முழுக்கத் தொங்கவிட்டிருந்தார். காலை பத்து மணி வெயிலில் பல்பு எதற்கு என்று கேட்க ஆளில்லை. கூட வேலை பார்க்கும் நல்லையாவைச் சுவிட்சு பக்கத்தில் நிறுத்தி, "குருக்கள் கெட்டிமேளம்னு சொன்னதும் தட்டிரு" என்று ரகசியமாக உத்தரவும் போட்டிருந்தார். ஜெயபாலனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தாலித் தட்டு சபையைச் சுற்றி வந்தது. குருக்கள் கையை உயர்த்தி, "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்றார்.

ஜெயபாலன் முழங்காலைத் தள்ளினான். பெட்டி முழங்கியது. அடடா, என்ன முழக்கம்! கணேசமூர்த்தி தாலியை எடுத்துக் கோகிலாவின் கழுத்தருகே கொண்டுபோனான். பொன்னுதுரையின் மீசை துடிப்பதை ஜெயபாலன் ஓரக்கண்ணால் பார்த்தான். 'தும்முங்க அத்தான், தாராளமாத் தும்முங்க' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டான்.

நல்லையா சுவிட்சைத் தட்டினார்.

இருநூறு பல்பும் ஒரு கண் சிமிட்டின. மீட்டர் பலகையில் 'டப்' என்று ஒரு சத்தம். பல்பு போயிற்று, விசிறி போயிற்று, பெட்டி வாயை மூடிக்கொண்டது. ஊசி விழுந்தால் கேட்கும் அந்த அமைதிக்குள், பொன்னுதுரை தன் வாழ்நாளிலேயே ஆகப் பெரிய தும்மலைத் தும்மினார்.

கணேசமூர்த்தியின் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. முதல் முடிச்சு கூட விழவில்லை. அவன் மெதுவாகத் திரும்பி அம்மாவைப் பார்த்தான். சந்திரமதி முந்தானையை மூக்கோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கண் கலங்க, கல்லாக உட்கார்ந்திருந்தாள்.

"ஒத்தத் தும்மல்!" அஞ்சலை எழுந்தே விட்டாள். "நான் சொன்னேன்லா! இத்தன பேரு கேட்டாங்க!"

குருக்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பொறும்மா. இன்னொண்ணு வந்துட்டா எரட்டைத் தும்மல். எரட்டை நல்லது, தோஷமில்ல. முகூர்த்தம் முடிய இன்னும் நாலு நிமிஷம் இருக்கு."

எல்லோரும் பொன்னுதுரையைப் பார்த்தார்கள். அவர் மீசையைத் தூக்கி, மூக்கை விரித்து, சூரியனைப் பார்த்து, என்னென்னவோ செய்தார். கடைசியில், "ஹச்சு" என்றார்.

"அது வாயி! மூக்குல வரணும்!" என்று அஞ்சலை கத்தினாள். "நடிச்ச தும்மலெல்லாம் கணக்குல சேராது. நான் எல்லாரு வாயையும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

யாரோ மிளகாய்த்தூள் எடுத்துவர ஓடினார்கள். யாரோ பொடி டப்பி தேடினார்கள். நல்லையா குற்ற உணர்ச்சியில் வாழை நாரைத் தன் மூக்கிலேயே விட்டுக்கொண்டிருந்தார். வேண்டாத நேரத்தில் தானாக வருகிற சனியன், வேண்டும் என்றால் ஒரு மூக்கிலாவது வரவேண்டுமே! கோகிலா தலையைக் குனிந்தவள் நிமிரவில்லை. மாலைக்கு நடுவே அவள் விரல்கள் சேலைத் தலைப்பை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தன. ரவிக்கை தைக்கும்போது துணியை இப்படித்தான் மடிப்பாள். போச்சு, என் குழந்தை வாழ்க்கை என்னால் போச்சு என்று நினைத்தான் ஜெயபாலன்.

அப்போதுதான் கட்டை வரிசைக்கு மேலே இருந்த சின்னச் சிவப்பு விளக்கு மினுக்கென்று எரிந்ததைப் பார்த்தான். பின்னால் ஹாஜா பாய், யாரும் சொல்லாமலேயே, பல்பு வயரைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பியூஸ் கம்பி மாற்றியிருக்கிறார். கரண்ட் வந்துவிட்டது! ஆனால் வால்வு சூடாக அரை நிமிஷம் ஆகும்.

அந்த அரை நிமிஷத்தில் ஜெயபாலன் யோசித்ததைப் போல அவன் ஆயுசில் யோசித்ததில்லை. அஞ்சலை எல்லோர் வாயையும் பார்க்கிறாள். பெட்டிக்கு வாய் இல்லை. சத்தம் வரப்போவது இங்கிருந்து அல்ல, பந்தலின் பின்கோடியிலிருந்து. அத்தானின் தும்மல் எப்படி வரும்? அடியிலிருந்து மெல்லக் கிளம்பும், நடுங்கிக்கொண்டே ஏறும், உச்சிக்குப் போய்ப் பட்டென்று அறுந்துவிடும். அவ்வளவுதானே! நடுக்கத்துக்கு ஒரு பொத்தான் இருக்கிறது, ஏற்றத்துக்கு முழங்கால் இருக்கிறது. சும்மா கிடந்த இடது கை இன்றைக்கு வேலைக்கு வந்தது. அது மேல்துண்டை எடுத்துக் கட்டை வரிசையை மூடியது. துண்டுக்கு அடியில் வலது கைச் சுண்டுவிரல் ஆகக் கீழ்ச் சுரக் கட்டையில் போய் உட்கார்ந்தது. கோகிலா பிடித்து நடக்கப் பழகிய அதே சுண்டுவிரல்தான். முருகா, தாளம் தப்பினாலும் பரவாயில்லை, மூக்கு தப்பக்கூடாது.

வால்வு சூடாயிற்று.

"ஹ்... ஹ்ஹா... ஹா ஆ ஆ..." என்று பந்தலின் பின்பக்கத்திலிருந்து ஏதோ கிளம்பியது. முழங்கால் போய்க்கொண்டே இருந்தது. சுண்டுவிரல் உச்சிக் கட்டைக்குத் தாவியது. "ச்ச்சூ!"

பந்தலில் இருந்த தலைகள் எல்லாம் ஒரேயடியாகப் பின்னால் திரும்பின. ஜெயபாலன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். அது பாதி எருமையாகவும் பாதி கப்பல் சங்காகவும் அவன் காதுக்குக் கேட்டது. இனி அவ்வளவுதான் என்று இருந்தபோது, பின்கோடியிலிருந்து ஹாஜா பாயின் கனத்த குரல் மனம் நிறைந்து ஒலித்தது:

"அல்ஹம்துலில்லாஹ்!"

மலாக்காவில் பிறந்த எந்தத் தமிழனுக்கும் தெரியாதா, தும்மியவுடன் ஒரு முஸ்லிம் என்ன சொல்வார் என்று? "பாய் தும்மிட்டாரு! பாய் தும்மிட்டாரு!" என்று பந்தல் முழுக்கச் சத்தம் கிளம்பியது. நல்லையா ஓடிப்போய்ப் பாயைக் கட்டிக்கொண்டார்.

அஞ்சலை மட்டும் விடவில்லை. "அது எப்படி? நம்ம தும்மலோட அவங்க தும்மலச் சேத்து எண்ணலாமா?"

"மூக்குக்கு ஏதும்மா மதம்?" குருக்களுக்குப் பொறுமை போய்விட்டது. "ரெண்டாச்சு, சுபம். முகூர்த்தம் ஒரு நிமிஷம்தான் இருக்கு. கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

ஜெயபாலன் அடித்தான் பாருங்கள் ஒரு கெட்டிமேளம்! ராகமா தாளமா ஒன்றும் தெரியாது, ஒரே பிரவாகம். மூன்று முடிச்சும் விழுந்து, அட்சதை விழுந்து, அம்மி மிதித்து முடித்த பிறகும் அவன் விரலை எடுக்கவில்லை. பொன்னம்மா வந்து தோளைப் பிடித்து உலுக்கி, "போதும்டா தம்பி, முடிஞ்சு போச்சு" என்று சொன்ன பிறகுதான் நிறுத்தினான்.

பந்தியில் ஹாஜா பாய் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முகம் குழம்பியிருந்தது. "என்ன பாலா இது? ஆளாளுக்கு வந்து கையப் புடிச்சு 'நல்லாத் தும்முனீங்க'ங்குறாங்க. நான் எங்க தும்முனேன்? பொட்டியில சத்தம் வந்துச்சு. அப்பாடா, பியூஸு தாங்கிருச்சுன்னு அல்லாவுக்கு நன்றி சொன்னேன். அவ்வளவுதான்!"

"பாய், உங்க கால்ல வேணா விழறேன், இந்த ஒரு நாளைக்கு வாயத் தொறக்காதீங்க."

"நான் தொறக்கல. கேட்டா மட்டும் பொய் சொல்ல மாட்டேன்."

"கேக்க மாட்டாங்க. சாப்பிடுங்க."

அதற்குள் ஒரு நிழல் இலையில் விழுந்தது. சந்திரமதி. கையில் அப்பளக் கூடை. சம்பந்தி அம்மாளே பரிமாற வந்திருக்கிறாள். ஜெயபாலனுக்கு வாயில் போட்ட சோறு அங்கேயே நின்றது. ஹாஜா பாய் சாம்பாரை உற்றுப் பார்க்க ஆரம்பித்தார்.

"தம்பி," என்றாள் சந்திரமதி. பேசினாள்! "பாய் தும்முனது எத்தனை கட்டை? நாலா, அஞ்சா?"

கேட்டே விட்டாள். ஜெயபாலன் இலையிலிருந்து கையை எடுத்தான். "அம்மா... அது வந்து... என் மேல எவ்வளவு கோவம் வேணா படுங்க. பொண்ணு மேல மட்டும்..."

சந்திரமதி குனிந்தாள். கிட்டே பார்த்தால் அவள் மூக்கு மூக்குத்திவரை சிவந்து வீங்கியிருந்தது. இரண்டு கண்ணிலிருந்தும் இன்னும் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. முந்தானையின் நுனி கயிறாகத் திரிக்கப்பட்டிருந்தது.

"மூணு நிமிஷமா நானும் முந்தானையத் திரிச்சுத் திரிச்சு உள்ள விட்டேன் தம்பி," என்றாள் ரகசியமாக. "பாழாப்போன மூக்கு, ஒண்ணு வரணுமே! அஞ்சலை வாய மூடுறதுக்கு எனக்கு வேற வழி தெரியல. அந்தப் பொண்ண விட்டுட்டு நான் எப்படி வீட்டுக்குப் போறதுன்னு நெனச்சு நெனச்சு உக்காந்திருந்தேன்."

சொல்லிவிட்டு அவன் இலையில் இரண்டு அப்பளம் போட்டாள். ஹாஜா பாய் இலையில் நாலு போட்டாள்.